மூணு லாரி மாப்பிள்ளை

என் மாமனார் எனக்குப் பெண் கொடுத்தது ஒரு கணக்குப் பிழையால். காரிமங்கலத்தில் ஹைவே ஓரத்தில் அவருக்கு டீக்கடை. பேச்சுவார்த்தை நடந்த மாதத்தில் அந்த வழியாக மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் கடை முன்னால் வண்டியை நிறுத்தி டீ குடித்தேன். மூன்று தடவையும் வேறு வேறு வண்டி, எல்லாமே புத்தம்புது லாரி. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, சொந்தபந்தத்தில் எல்லோரிடமும் "மாப்பிள்ளைக்கு மூணு வண்டி ஓடுது" என்று சொல்லிவிட்டார். நான் பொய் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த மூன்று டீக்கும் காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். கல்யாணம் முடிந்து உண்மை தெரிந்த மறுவாரத்திலிருந்து வாங்க ஆரம்பித்தார். பழைய மூன்றையும் சேர்த்து.

உண்மை என்னவென்றால், பாக்டரியில் செய்து முடித்த லாரியையும் பஸ் சேஸையும் ஓட்டிக்கொண்டு போய் ஊர் ஊராக இருக்கும் ஷோரூமில் ஒப்படைப்பது என் வேலை. ஓசூர் யார்டில் கேட் பாஸ் வாங்கி ஏறி உட்கார்ந்தால், கரூரோ, நாக்பூரோ, போட்ட ஊரில் இறங்க வேண்டும். இறங்கினதும் சாவியைக் கொடுத்துவிட்டு, தோளில் பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்க வேண்டும். போகும்போது முப்பத்தைந்து லட்ச ரூபாய் வண்டி. வரும்போது படிக்கட்டில் இடம் கிடைத்தால் பெரிய விஷயம்.

இந்த வேலைக்கு வந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஊரில் பால் வண்டி ஓட்டக் கூப்பிட்டார்கள். விடிகாலையில் போய் பத்து மணிக்கு வீடு திரும்பலாம். நான் மாட்டேன் என்றேன். தினமும் புது வண்டி, லோடு ஏற்றி இறக்கும் தொல்லை இல்லை, ஓசியில் ஊர் சுற்றலாம் என்று ஒரு சிநேகிதன் ஆசை காட்டியிருந்தான். அவன் இப்போது பால் வண்டி ஓட்டுகிறான்.

லோடு இல்லாத லாரியில் நீங்கள் போயிருக்கிறீர்களா? பத்து இருபது டன் தாங்குவதற்கென்று செய்த ஸ்பிரிங் பட்டைகள், மேலே ஒன்றும் இல்லாதபோது மடங்க மாட்டேன் என்று விறைத்துக்கொண்டு நிற்கும். சின்னப் பள்ளத்தில் விழுந்தாலும் வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். திடீரென்று பிரேக் போட்டால் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். கல்லை ஏற்றினால் சாதுவாகிவிடுகிற ஒரே ஜீவன் லாரிதான். நான் ஏற்றிக்கொண்டு போனது ஒரு பை, ஒரு தண்ணி பாட்டில், அப்புறம் என் முதுகெலும்பு.

முதல் நடை பஸ் சேஸ். நீங்கள் பஸ் என்று சொல்கிற சாமான் பாக்டரியிலிருந்து வரும்போது பஸ்ஸாக இருக்காது. நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், ஆறு சக்கரம், இன்ஜின், ஸ்டீயரிங், உட்கார ஏதோ ஒரு சீட். மேலே வானம். இதைக் கரூருக்குக் கொண்டுபோனால் அங்கே கூண்டு கட்டி, ஜன்னல் வைத்து, பெயின்ட் அடித்து பஸ் ஆக்குவார்கள். ஓசூரிலிருந்து 250 கிலோமீட்டர் சொச்சம். அதுவரைக்கும் கூண்டு, கண்ணாடி, கதவு எல்லாம் டிரைவரின் முகம்தான்.

என்னோடு கிளம்பிய சீனியர் அண்ணன்கள் சித்திரை வெயிலில் ஜெர்கின் மாட்டி, கழுத்தில் துண்டைச் சுற்றி, ஹெல்மெட் போட்டு கண்ணாடியை இறக்கிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கட்டம் போட்ட புதுச் சட்டையும் கூலிங் கிளாஸும். "தம்பி, ஹெல்மெட் வேணாமா?" என்று ஒருத்தர் கேட்டார். "பைக்காண்ணா ஓட்டறோம்?" என்றேன். கிருஷ்ணகிரி வருவதற்குள் சட்டையின் மேல் பட்டன் இரண்டும் காற்றில் போயிருந்தன. என் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை.

தர்மபுரி தாண்டி வெயில் தாழ்ந்ததும் மனசு லேசானது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பாடத் தோன்றியது. இந்த வேலையில் சேருகிற யாருக்காவது நான் ஒரே ஒரு தொழில் ரகசியம் சொல்லலாமென்றால் இதுதான்: அந்தி நேரத்தில் சேஸ் ஓட்டிக்கொண்டு வாயைத் திறந்து பாடக் கூடாது. பல்லவியிலேயே ஒரு பூச்சி உள்ளே போய்விட்டது. அனுபல்லவியில் அதன் குடும்பம்.

கணவாய் முடிந்ததும் மழை. பஸ் சேஸில் வைப்பர் கிடையாது, வைப்பர் வைக்கக் கண்ணாடி கிடையாது. ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்தைத் துடைத்தேன். எதிரே வந்த பஸ்களில் ஜன்னலோர சனங்கள் என்னையே பார்த்துக்கொண்டு போனார்கள். அதில் ஒரு சின்னப் பையன் டாட்டா காட்டினான். நானும் காட்டினேன். துடைக்கக் கை இல்லாமல் போனது அப்போதுதான் புரிந்தது.

நாமக்கல் வந்தபோது மழை விட்டிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு பஸ் ஸ்டாப்பில், சொட்டச் சொட்ட, டீ குடிக்கலாம் என்று ஓரம் கட்டினேன். மூட்டையோடு நின்ற பாட்டி ஒருத்தி கிட்டே வந்து, சேஸை முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு நிஜமான அக்கறையோடு கேட்டாள்: "ஏங் கண்ணு, மிச்சமெல்லாம் எங்க கழண்டு விழுந்துச்சு?"

பதில் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி. "சரி, இது கரூரு போகுமா?" போகும் என்றேன். என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் அடுத்த வண்டில வாரேன்" என்றாள்.

பிறகு எனக்குக் கண்ணாடியும் கதவும் வைத்த லாரி கொடுக்க ஆரம்பித்தார்கள். திறமையைப் பார்த்து அல்ல, இருமலைப் பார்த்து.

இதில் சம்பாத்தியம் எப்படி என்று நீங்கள் கேட்கலாம். என் மாமனார் கேட்டார். நாங்கள் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை, நடைக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டர் கொடுப்பார். கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டு டீசல் காசு. மிச்சம் பிடித்தால் நமக்கு. வழி தப்பினால் நம் பாக்கெட்டிலிருந்து. திரும்பி வரும் செலவும் அதற்குள்ளேதான். ஆகவே இந்தத் தொழிலில் பணக்காரனாக ஒரே வழி, வழி தப்பாமல் இருப்பது. என் பொருளாதார நிலைமை உங்களுக்கு இப்போது ஓரளவு புரிந்திருக்கும்.

நாக்பூர் நடை ஒன்று. ஐந்து வண்டி, கான்வாயாகப் போனோம். எல்லாம் ஒரே மாடல், ஒரே கலர். முன்னால் போகிற அண்ணனுக்குத் தெலுங்கு தெரியும், ரூட் தெரியும். எனக்கு இந்தி தெரியும் என்று நானே சொல்லியிருந்ததால் கடைசி வண்டி என்னுடையது. கர்நூல் தாண்டி, ஹைதராபாத்துக்கு முன்னால் சம்சாபாத் பக்கம் டீக்கு நிறுத்தினார்கள். நான் மட்டும் ஒரு டீ அதிகமாகக் குடித்துவிட்டு, அவசரமாக ஏறி, முன்னால் கிளம்பிய வண்டியைப் பிடித்துக்கொண்டேன். அதே மாடல், அதே கலர்.

ஹைதராபாத்தைச் சுற்றி 158 கிலோமீட்டருக்கு அவுட்டர் ரிங் ரோடு இருக்கிறது. சம்சாபாத்தில் ஏறினால் நாக்பூர் போகிறவர்கள் இடது பக்கமாகச் சுற்றி மேட்சலில் இறங்க வேண்டும். நான் பிடித்துக்கொண்ட வண்டி வலது பக்கம் திரும்பியது. அண்ணனுக்குத் தெரியாத வழியா என்று நானும் திரும்பினேன். அண்ணன் பெத்த அம்பர்பேட்டையில் இறங்கினார். நானும் இறங்கினேன். டோல்கேட் வந்தது. அண்ணன் தாண்டினார், நானும் தாண்டினேன். நல்ல ரோடு. நாக்பூர் ரோட்டைக் குறை சொல்கிறவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

சௌட்டுப்பல்லில் அண்ணன் நிறுத்தினார். பக்கத்தில் நிறுத்தி இறங்கி, "என்னண்ணா, மத்த மூணு வண்டியும் காணோம்?" என்றேன். வண்டியிலிருந்து மீசை வைத்த சர்தார்ஜி ஒருவர் இறங்கினார். அவரும் புது வண்டிதான் கொண்டுபோகிறார், விஜயவாடாவுக்கு. என் மொத்த இந்தியையும் திரட்டி, "நாக்பூர் கிதர்?" என்று கேட்டேன். அவர் நாங்கள் வந்த திசையைக் காட்டினார். என் இந்தி அவருக்குப் புரிந்தது என்பது ஒன்றுதான் அன்றைய லாபம்.

நூறு கிலோமீட்டருக்கு மேல் வெட்டி ஓட்டம். போனை எடுத்துப் பார்த்தால் அண்ணனிடமிருந்து பதினேழு மிஸ்டு கால். பாட்டு கேட்பதற்காக சைலன்ட்டில் போட்டிருந்தேன். திரும்பக் கூப்பிட்டதும் அவர் திட்டவில்லை. "எங்கடா இருக்க?" என்றார். சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பிச் சொல்வது கேட்டது: "நான்தான் சொன்னேனே, விஜயவாடா. காசை எடுங்க."

வழியாவது பரவாயில்லை. வண்டியே புரியாமல் போனது அதைவிடக் கேவலம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்று புது இன்ஜின்கள் வந்துவிட்டன. டீசல் டேங்க் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு சின்ன டேங்க். அதில் ஆட்ப்ளூ என்ற தண்ணி ஊற்ற வேண்டும், அதில் 32.5 சதவீதம் யூரியா, புகையில் இருக்கும் விஷத்தை அது குறைக்கும் என்றெல்லாம் யார்டில் ஒரு தம்பி கிளாஸ் எடுத்தார். "எனக்குத் தெரியும்பா" என்று சொல்லிவிட்டு நான் முதல் ஆளாகக் கிளம்பினேன். இந்த வாக்கியத்தால் நாசமாய்ப் போனவர்கள் உங்கள் வீட்டிலும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

நிர்மல் தாண்டி ஆதிலாபாத் போகும் வழியில் காடும் மேடுமாக ஒரு ஏற்றம். அதற்கு வெகு முன்னாலேயே டேஷ்போர்டில் மஞ்சள் லைட் ஒன்று எரிய ஆரம்பித்திருந்தது. கண்ணை உறுத்தியது. பையில் சின்ன முருகன் ஸ்டிக்கர் இருந்தது. சரியாக அந்த லைட் சைஸுக்கு இருந்தார். அதன் மேல் ஒட்டிக் கும்பிட்டுவிட்டு மேலே போனேன்.

ஏற்றத்தில் வண்டி மூச்சு விட மறுத்தது. மிதித்தால் உறுமுகிறது, நகர மாட்டேன் என்கிறது. காலி வண்டி! எனக்குப் பின்னால் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஹாரன் அடித்து ஓவர்டேக் எடுத்தது. கிளட்ச் போச்சு என்று முடிவு பண்ணினேன். பிறகு கியர்பாக்ஸ். பிறகு ஏர் ஃபில்டர். பாக்டரியே வண்டியைத் தப்பாகச் செய்துவிட்டது என்ற முடிவோடு யார்டு தம்பிக்கு போன் போட்டேன்.

"அண்ணா, டேஷ்போர்டுல ஏதாச்சும் லைட் எரியுதா?"

"இல்லப்பா. முருகர்தான் இருக்காரு."

அவர் பொறுமைசாலி. நீல மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னார். காலி. ஆட்ப்ளூ தீர்ந்தால் இன்ஜின் தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளுமாம், அப்படித்தான் செய்திருக்கிறார்களாம். அது கை கழுவும் தண்ணி டேங்க் என்று நினைத்து, அடுத்த தாபாவில் குழாய்த் தண்ணி பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதல் முறை சொல்கிறேன். ஊரில் நெல்லுக்கு யூரியா கேட்டு சொசைட்டி வாசலில் வரிசையில் நின்ற குடும்பம் எங்களுடையது. லாரிக்கு யூரியா வாங்க ஆதிலாபாத் வரை உருட்டிக்கொண்டே போனேன்.

வண்டியை ஒப்படைப்பது தனிக் கலை. பெண்ணைப் புகுந்த வீட்டில் விடப்போகும் அண்ணன் நிலைமைதான். ஷோரூமிலிருந்து ஒரு பையன் செக்லிஸ்ட்டோடு வருவான், மாப்பிள்ளை வீட்டு அத்தை சீர்வரிசைப் பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பான். ஸ்டெப்னி இருக்கா, ஜாக்கி இருக்கா, டூல்ஸ் பை இருக்கா, சீட்டு பிளாஸ்டிக் கிழியாமல் இருக்கா. அதனால் அந்த பிளாஸ்டிக் மேலேயே மூன்று நாள் உட்கார்ந்து, தூங்கி, வேர்த்து வருவோம். இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். சீட்டு மட்டும் புத்தம்புதுசாக இருக்கும்.

ஒரு தடவை தெற்கே ஒரு ஷோரூம். ஆயுதபூஜைக்கு முந்தின நாள். வாங்குகிறவர் குடும்பம் காலையிலிருந்து பூசணிக்காய், எலுமிச்சம்பழம், மாலையோடு காத்திருந்தது. வழியெல்லாம் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கும்பிட்டேன். இடது பக்கக் கண்ணாடி கேட் தூணில் மோதிச் சுக்குநூறானது.

கை தட்டல் நின்றுபோனது. நல்லவேளையாக வாங்குகிறவரின் அம்மா, "விடுங்கய்யா, வண்டிக்கு இருந்த திருஷ்டியெல்லாம் கழிஞ்சது" என்றார். எல்லோர் முகமும் தெளிந்தது. மேனேஜர்கூட சிரித்தார். சிரித்துக்கொண்டே என் கணக்கில் மூவாயிரத்து எண்ணூறு எழுதினார். பூசணிக்காய் உடைத்திருந்தால் அறுபது ரூபாயோடு போயிருக்கும்.

திரும்பி வரும் கதைகளை அதிகம் சொல்லப் போவதில்லை. நாக்பூரிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ்ஸில் அன்ரிசர்வ்டில் ஏறி, கக்கூஸ் கதவுக்கு எதிரே பையின் மேல் உட்கார்ந்து சென்னை வரை வந்திருக்கிறேன். ரயில் காசை மிச்சம் பிடிக்க நாமக்கல் லைன் வண்டியில் தொற்றியதும் உண்டு. "சும்மா ஏத்த முடியாது, சமைக்கத் தெரியுமா?" என்றார்கள். தெரியும் என்றேன். அன்று ராத்திரி நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, அடுத்த நாள் அவர்களே சமைத்து எனக்கும் போட்டார்கள்.

இப்போது புதிதாகத் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. வீட்டில் பெருமையாகச் சொன்னேன். பிறகுதான் கணக்கு உதைத்தது. ஏசி போட்டால் டீசல் போகும், டீசல் போனால் என் காசு போகும். ஆகவே இப்போது ஏசி வண்டியில், ஏசியை அணைத்துவிட்டு, துண்டால் விசிறிக்கொண்டு போகிறேன். கிளம்பும்போது மனைவி கேட்பாள், "இன்னிக்கு எத்தன லட்சம் வண்டிங்க?" முப்பத்தஞ்சு என்பேன். "சரி, சிலிண்டருக்குக் காசு வெச்சிட்டுப் போங்க."

ஒரு நல்ல பழக்கம் என்னிடம் உண்டு. ஓட்டிய வண்டிகளின் சேஸ் நம்பரை டைரியில் குறித்து வைப்பேன். பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்டது. நான் கடைசி ஆறை மட்டும் எழுதுவேன். எதற்கு என்று கேட்காதீர்கள். என் மனைவி கேட்டு அலுத்துவிட்டாள்.

போன மாதம் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு சேலத்திலிருந்து கரூருக்கு பஸ் ஏறினேன். முகூர்த்த நாள், நிற்கத்தான் இடம். நெட்டித் தள்ளி டிரைவர் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே பார்க்கிறேன், தகட்டில் ஒரு சின்னப் பள்ளம். உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கரூருக்குக் கொண்டுபோன சேஸில், ஸ்பேனரைத் தவறவிட்டு நான் போட்ட பள்ளம் அது. அதே இடம்!

வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த பஸ்ஸ மொதமொதல்ல ஓட்டினதே நான்தாங்க. அப்ப இதுக்குக் கூரை கெடையாது, கதவு கெடையாது. மழையில நனைஞ்சிக்கிட்டே கொண்டாந்தேன்" என்று பொதுவாகச் சொன்னேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அப்டியா? டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார் கண்டக்டர். ஆனால் முன் சீட்டில் இருந்த பெரியவர் மட்டும் மரியாதையாக எழுந்து நின்றார். "உக்காருங்க தம்பி. பெத்தவன் நிக்கலாமா?" வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

நாமக்கல்லில் கூட்டம் கொஞ்சம் இறங்கியது. ஆசை யாரை விட்டது? குனிந்து சேஸ் நம்பர் தகட்டைப் பார்த்தேன், பையிலிருந்து டைரியை எடுத்துப் பார்த்தேன். என்னுடையது 417 என்று முடிகிறது. இது 419. அன்றைக்கு எனக்குப் பின்னால் வந்தவன் ஓட்டியது. அப்படியானால் அந்தப் பள்ளம்? எதிரே இன்னொரு பஸ் வந்து நின்றது, அதே மாடல். எட்டிப் பார்த்தேன். அதிலும் அதே இடத்தில் அதே பள்ளம். பாக்டரி டிசைன் போல.

டைரியை மூடிப் பையில் வைத்தேன். பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட வந்த பேரனிடம் என்னைக் காட்டி, "இந்த மாமாதான் இந்த பஸ்ஸுக்கு மொத டிரைவரு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் கால் வலி. கரூர் போக இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தது. அவர் நம்பர் கேட்கவில்லை.